பேஸில் தந்தி இடைவெளியைக் கூட்டினால் பிக்கப்பை என்ன செய்வது?

திருகோணமலையில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. என் ஐந்து தந்தி பேஸ் கிட்டாரின் பிரிட்ஜில், அதாவது தந்திகளின் அடிநுனியைத் தாங்கும் உலோகத் துண்டில், சாடில் (ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சின்னக் கட்டை) திருகாணிகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. ஆலன் சாவி போட்டால் வழுக்குகிறதே தவிர அசைவில்லை. எப்படியும் புது பிரிட்ஜ் போடத்தான் வேண்டும், போடுகிற சாக்கில் தந்திகளையும் கொஞ்சம் அகட்டினால் என்ன என்று தோன்றியது. பழையதில் தந்திக்குத் தந்தி 16.5 மில்லிமீற்றர். விரலால் வாசிக்க அது போதும், ஆனால் திருவிழா மேடையில் பைலா ஆட்டப்பாட்டு தொடங்கி, பெருவிரலால் அடித்து ஜி தந்தியை (ஐந்தில் மெல்லியது) கிள்ளி இழுக்க வேண்டிய இடம் வந்தால் என் விரல் உள்ளேயே போகாது.

பேஸ் வாசிக்கிறவர்கள் எல்லாரும் 19, 19 என்றுதான் சொல்வார்கள், ஃபெண்டர் கம்பனியின் நாலு தந்தி பேஸ்களின் கணக்கு அது. ஐந்து தந்தியில் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடக்கூடாது. சாடிலில் இருந்து நட் (கழுத்தின் மேல்நுனியில் தந்திகள் உட்காரும் துண்டு) வரை இடைவெளி ஒரே சீராகக் குறுகிக்கொண்டே போகும். என் பேஸில் அந்தத் தூரம் 864 மில்லிமீற்றர், நட்டில் தந்திக்குத் தந்தி 9.5. 19 போட்டால் கழுத்தின் குறுக்குக் கம்பிகளில் 22ஆவதான 22ஆம் ஃபிரெட்டில், தடித்த பி தந்திக்கும் ஜி தந்திக்கும் இடையே 65 வருகிறது. என் கழுத்தின் அகலம் அந்த இடத்தில் 67தான். இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீற்றர் மிச்சம், அழுத்திப் பிடித்தால் தந்தி விளிம்பில் இருந்து விழுந்துவிடும். 18 போட்டால் 62.5, அது சரி. ஆக 18.

இப்போது பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வைக் காந்தத்தால் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பகுதி. எல்லாரும் பிரிட்ஜின் எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பார்க்க வேண்டியது பிக்கப்புக்கு நேர் மேலே தந்தி எங்கே ஓடுகிறது என்பதை. பிக்கப் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒவ்வொரு தந்திக்கும் கீழே கூரான பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், கணக்கே தேவையில்லை. என்னுடையது ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் மாதிரி, ஒரு தந்திக்கு இரண்டு போல் (பிக்கப்பில் தந்திக்குக் கீழே நிற்கும் காந்தமுனைக் கட்டை). இரண்டு பிக்கப்பும் ஒரே அளவு, பி சோடியின் நடுவிலிருந்து ஜி சோடியின் நடு வரை 65. கழுத்துப் பக்கப் பிக்கப்புக்கு மேலே பழைய பிரிட்ஜோடு தந்திகளின் அகலம் 61, புதியதோடு 66. அதாவது அந்தப் பிக்கப் முன்பைவிட இப்போதுதான் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது! பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பில்தான் வில்லங்கம்: 64ஆக இருந்தது 69.6 ஆகிவிட்டது. நடுவில் இருக்கும் ஏ தந்தி அசையவே இல்லை; பியும் ஜியும் ஆளுக்கு இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வெளியே போய் வெளிப்புறப் போலின் பக்கம் சாய்ந்துவிட்டன. மெதுவாக வாசித்தால் ஒன்றும் தெரியாது. கிள்ளி இழுக்கும்போது ஜி ஒரு அடிக்குப் பளார் என்று கத்தும், அடுத்த அடிக்கு அமுங்கும்.

ஒரு தந்திக்கு இரண்டு போல் என்பதே தந்தி இப்படி இங்குமங்கும் அலைவதைத் தாங்கிக்கொள்கிற ஏற்பாடுதான். 1951இல் வந்த ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸில் தந்திக்கு ஒரு போல்தான் இருந்தது, 1957இல் இரண்டாக உடைத்த பிக்கப் வந்தபோதுதான் இரண்டாக்கினார்கள். அந்தப் பிரிசிஷன் வகை வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம், இரண்டு பாதியையும் கொஞ்சம் அகட்டித் திருகினால் முடிந்தது.

போலை இடம் மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: பிக்கப்பைக் கழற்றிப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒரு நீளக் காந்தம் ஒட்டியிருந்தால் மேலே தெரிவது வெறும் இரும்புக் கட்டைகள், பிளாஸ்டிக் பொபினில் (கம்பி சுற்றும் சட்டம்) செருகியவை, பார்த்துத் தள்ளினால் வெளியே வரும். அடியில் காந்தம் இல்லை, ஒவ்வொரு போலும் தானே காந்தம் என்றால் கைவைக்க வேண்டாம். பழைய முறைப் பிக்கப்களில் கம்பியை அந்தக் காந்தத்தின் மேலேயே சுற்றியிருப்பார்கள், தலைமுடி கனத்துச் செப்புக் கம்பி. போலைத் தட்டினால் உள்சுற்று அறுந்து பிக்கப் செத்துவிடும்.

நான் எந்தப் போலையும் அசைக்கவில்லை, பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பின் மேலே ஒரு இரும்புத் தகடு வைத்தேன். தகடு காந்தப்புலத்தை நீளத்துக்குப் பரப்பிவிடும், தந்தி எங்கே நின்றாலும் அடியில் காந்தம் இருக்கும். மத்திய வீதிப் பக்கம் ரேடியோ திருத்தும் அண்ணாவிடம் போய்ச் சொன்னபோது, செத்துப்போன ஒரு யூபிஎஸ்ஸின் ட்ரான்ஸ்போமரைப் பிரித்து நேரான தகடுகள் கொஞ்சம் எடுத்துத் தந்தார். "தம்பி, இது காந்தத்தை இழுத்துக் கடத்தும், ஆனா தான் காந்தமா மாறி நிக்காது, உமக்கு இதுதான் சரி" என்றார். ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர் கனம். தகரம் வெட்டும் கத்தரிக்கோலால் 80 மில்லிமீற்றர் நீளத்துக்கு, போல்களை மூடும் அளவு அகலத்துக்கு வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டேன். 80 ஏன் என்றால் பிக்கும் ஜிக்கும் வெளியே இரண்டு பக்கமும் ஐந்து மில்லிமீற்றர் நீள வேண்டும், தகட்டின் நுனியில் புலம் பலவீனம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒட்டாமலேயே சோதித்துப் பார்க்கலாம். போலே தகட்டைப் பிடித்துக்கொள்ளும், ஆம்பில் போட்டுக் கேளுங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துவிடுங்கள். ஒரு தகட்டில் வித்தியாசம் அரைகுறை. இரண்டை அடுக்கியதும் ஜி அடங்கி மற்றத் தந்திகளோடு சேர்ந்துகொண்டது. சத்தம் கொஞ்சம் கூடியது, தகடு தந்திக்குக் கிட்ட வருவதால் பிக்கப்பை ஒரு மில்லிமீற்றர் கீழே இறக்க வேண்டியிருந்தது. மேல்நுனி மினுமினுப்பு சற்றுக் குறைந்தது உண்மை, கூடுதல் இரும்பு போட்டால் அந்த விலை கொடுக்கத்தான் வேண்டும். பைலாவுக்கு எனக்கு அது நல்லதாகவே படுகிறது, தனி பேஸ் வாசித்துக் காட்டுகிறவர்கள் முகம் சுளிக்கலாம்.

ஒட்டும் முன் இரண்டு காரியம். தகட்டில் விரல் பட்டால் சத்தம் வரும், அதனால் ஒரு மூலையில் பூச்சைச் சுரண்டி மெல்லிய வயர் ஒன்றைச் சோல்டர் பண்ணி எர்த்தில் சேர்த்துவிடுங்கள். அப்புறம், ஜாஸ் அளவிலேயே உள்ளே இரண்டு காயில் (கம்பிச் சுருள்) வைத்து இரைச்சலை வெட்டுகிற பிக்கப்கள் சிலவற்றில் ஒரு பாதி வடக்கு, மறுபாதி தெற்கு என்றிருக்கும். சின்னத் திசைகாட்டி ஒன்றைப் போல்களுக்கு மேலே நகர்த்தினால் முள் திரும்புவது தெரியும். அப்படியென்றால் தகட்டை நடுவில் வெட்டி இடைவெளி விட்டு வையுங்கள், முழுத் தகடு வைத்தால் இரண்டு பாதியின் புலமும் தகட்டுக்குள்ளேயே சுருண்டுபோகும்.

வெட்டிய ஓரத்துக்கு நெயில் பொலிஷ் பூசுங்கள். நம் ஊர்க் காற்றில் வெறும் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது, துரு போல்களுக்கு இறங்கிவிட்டால் அடுத்தது காயில்தான்.