லிமாவில் மழை இல்லை

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

லிமா என்றே முடிவு செய்துவிட்டேன். தம்பி போனில் முதலில் சிரித்தான். "அக்கா, பாலி, மாலத்தீவுன்னு எவ்ளோ இருக்கு, பெருவா?" நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே, "சரி, மழைக்காகத்தானே" என்றான். நியூஜெர்சியிலிருந்து அவனுக்கு எட்டு மணி நேரம். எங்களுக்கு பெங்களூரு, ஆம்ஸ்டர்டாம் வழியாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். அரையாண்டு விடுமுறையை விட்டால் எனக்கு வேறு நாள் கிடையாது. டிசம்பர்தான். டிசம்பரில் அம்மா முடிச்சூரில் இருக்கக் கூடாது.

அக்டோபர் 8

அம்மாவின் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன். பேரன் பிறந்தபோது வாங்கிய அமெரிக்க விசா 2027 வரை இருக்கிறது, எனக்கும் அப்படியே. ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்குப் பெருவுக்குத் தனி விசா வேண்டியதில்லை. டெல்லிக்கு அலைய வேண்டாம். ஒரு மலை இறங்கிய மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 9

பதினொன்றாம் வகுப்பில் இன்று கடல் நீரோட்டம். தற்செயல்தான், பாடத்திட்டத்தில் அப்படி வந்துவிட்டது. கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக ஹம்போல்ட் நீரோட்டத்தை வரைந்தேன். சென்னை வடக்கே 13 டிகிரி, லிமா தெற்கே 12 டிகிரி. கண்ணாடியில் பார்ப்பது போல இரண்டு ஊர். நமக்குக் கடலில் சூரியன் எழும், அவர்களுக்குக் கடலில் சூரியன் விழும். ஆனால் அவர்களுடைய கடல் குளிர்ந்த கடல். தெற்கிலிருந்து வரும் நீரும் ஆழத்திலிருந்து மேலே வரும் நீரும் காற்றின் அடிப்பகுதியைக் குளிரவைத்துவிடும். கனமான குளிர்காற்று கீழே, வெப்பக்காற்று மேலே மூடி போட்ட மாதிரி. மேகம் உண்டாகும், எழும்பாது. எழும்பாத மேகம் மழையாகாது. நமக்கு ஆண்டுக்கு 140 சென்டிமீட்டர். அவர்களுக்கு ஒன்றிரண்டு.

"அப்ப தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க மிஸ்?" என்று கடைசி வரிசையிலிருந்து கேட்டாள் ஒருத்தி. நல்ல கேள்வி. ஆண்டிஸிலிருந்து இறங்கிவரும் ரீமாக் ஆறு என்றேன். கெச்சுவா மொழியில் அதற்குப் பேசுகிறவன் என்று பொருள். லிமா என்ற பெயரே அந்தச் சொல் மருவி வந்ததுதான்.

இருபது வருடமாக இந்தப் படத்தை வரைகிறேன். இந்த வருடம் கை நடுங்கியது.

அக்டோபர் 15

செவ்வாய். பள்ளி விடுமுறை. வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அம்மா சாப்பிடவில்லை.

அக்டோபர் 17

எச்சரித்த அளவுக்கு மழை இல்லை. தாழ்வு மண்டலம் வடக்கே ஒதுங்கிவிட்டது. செய்தியில் அதைச் சொன்னபோது அம்மா டிவியைப் பார்க்கவே இல்லை. முந்தாநாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. மாடிப்படியில் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கிறாள். கீழே வாசலை நோக்கி வெளிச்சம் அடித்து அடித்துப் பார்க்கிறாள். "முதல் படிக்கு வரலை, நீ போய்ப் படு" என்றாள்.

மூன்று முறை பெயின்ட் அடித்தாயிற்று. ஆனாலும் ஏழாவது படிக்கு நேரே சுவரில் அந்தக் கோடு எங்கள் இருவருக்கும் தெரிகிறது. வேறு யாருக்கும் தெரியாது. தம்பிக்குக்கூடக் காட்டிப் பார்த்தேன், தெரியவில்லை என்றான். அவன் அன்றைக்கு இங்கே இல்லை.

2015-லும் டிசம்பர் 1 செவ்வாய்தான். செவ்வாயும் வெள்ளியும் அப்பாவுக்கு டயாலிசிஸ். தாம்பரத்தில் அன்று 49 சென்டிமீட்டர்.

இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அக்டோபர் 18

லிமாவில் இன்று ஊதா நிறம். அற்புதங்களின் ஆண்டவர் ஊர்வலம். 1651-இல் அங்கோலாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒருவர் மண்சுவரில் வரைந்த கிறிஸ்து. 1655 நிலநடுக்கத்தில் சுற்றியிருந்ததெல்லாம் விழுந்தும் அந்தச் சுவர் நின்றது. அக்டோபர் முழுக்கப் பெண்கள் ஊதா உடையில் போகிறார்கள், சாம்பிராணி போடுகிறார்கள். அம்மாவைக் கூப்பிட்டுப் போனில் காட்டினேன். கூட்டத்தைப் பார்த்ததும், "நம்ம சாமி புறப்பாடு மாதிரியே தோள்ல தூக்குறாங்களே" என்று உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கேட்டாள்: "மண் சுவர் எப்படிடி அவ்ளோ வருஷம் நிக்கும்?"

"அங்கே மழை இல்லைம்மா."

முதல் தடவை அவளிடம் சொன்னேன்.

அக்டோபர் 20

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. லிமாவின் மிராஃப்ளோரெஸ் பகுதியின் நடுவில், அடுக்குமாடிக் குடியிருப்புகள் சூழ, வாக்கா புக்யானா என்று ஒரு பிரமிடு. முழுக்கச் சுடாத மண்கல். 1500 வருடத்துக்கு முந்தியது. கற்களைப் படுக்கையாக வைக்காமல், அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நிற்கவைத்து, இடையில் கொஞ்சம் இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். நிலம் அதிர்ந்தால் கல் அசைந்து கொடுக்கும், சுவர் விழாது. முடிச்சூரில் அந்த மண்கல் ஒரு ஐப்பசி தாங்காது.

நான் அதன் முன்னால் நிற்க வேண்டும். அம்மா அதைத் தொட வேண்டும். (தொட விடமாட்டார்கள். தெரியும்.) சான் ஃபிரான்சிஸ்கோ மடத்தின் நிலவறையையும் எலும்புகளையும் தம்பி பார்த்துவிட்டு வரட்டும், நாங்கள் வெளியே முற்றத்தில் உட்கார்ந்திருப்போம். அம்மாவுக்கு இனி நிலத்துக்குக் கீழே எதுவும் வேண்டாம்.

அக்டோபர் 24

லிமாவில் பேருந்துக்காரர்கள் வேலைநிறுத்தம். மாமூல் கேட்டுக் கும்பல்கள் ஓட்டுநர்களைச் சுடுகின்றன. இந்த மாதத்தில் இது இரண்டாம் முறை. தம்பி இணைப்பை அனுப்பிவிட்டு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவன் பேசாமல் இருப்பதுதான் அவன் பேச்சு. மிராஃப்ளோரெஸ், பர்ராங்கோ பகுதிகளைத் தாண்டி இருட்டிய பிறகு போக மாட்டோம், டாக்சியை விடுதி மூலமாகவே எடுப்போம் என்று பதில் போட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. அந்த ஓட்டுநர்களுக்கும் வீட்டில் யாரோ தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அக்டோபர் 31

தீபாவளி. அப்பா படத்துக்குப் புது வேட்டி. தூறல்.

நவம்பர் 4

ஒரு ஏமாற்றம். மழை இல்லையே தவிர ஈரம் இருக்கிறது. ஜூன் தொடங்கி நவம்பர் வரைக்கும் வானம் சாம்பல் பூத்துக் கிடக்குமாம். கழுதை வயிறு என்றே அந்த வானத்துக்கு அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கருவா என்று ஒரு பனித்தூறல், குடை பிடிக்கும் அளவுக்கு இராது, ஆனால் கொடியில் போட்ட துணி காயாது. வறண்ட குன்றுகளில் வலை கட்டி அந்த மூடுபனியைத் தண்ணீராகப் பிடிக்கிறார்கள் ஏழைக் குடியிருப்புக்காரர்கள். குடம் தண்ணீருக்கு லாரிக்காகக் காத்திருக்கும் ஊரும் அதே லிமாதான். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர்கள் பிடித்துவைக்க ஏங்கும் தண்ணீரிலிருந்து தப்பி நாங்கள் அங்கே போகிறோம்.

டிசம்பர் பிற்பாதியில் வெயில் வந்துவிடும். 25, 26 டிகிரி. அது போதும்.

நவம்பர் 5

அம்மா கால் வீக்கம் கூடியிருக்கிறது. அழுத்தினால் குழி.

நவம்பர் 10, ஞாயிறு

பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

2017 மார்ச் வீடியோ. லிமாவுக்குத் தெற்கே புன்டா ஏர்மோசா. பலகையும் மரமும் பன்றி மாடுகளுமாகச் சேறு ஆறாக ஓடுகிறது. அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். தலையிலிருந்து கால் வரை சேறு. ஒரு பலகையில் கால் வைத்து, அடுத்ததில் வைத்து, சரிந்து, மறுபடி எழுந்து கரைக்கு வருகிறாள். பிழைத்துவிட்டாள். நான்கு முறை பார்த்தேன்.

வய்கோ என்று பெயர். லிமாவில் மழை பெய்ய வேண்டியதில்லை, மேலே மலையில் பெய்தால் போதும். வறண்ட ஓடைகளில் மண்ணும் பாறையுமாக இறங்கும். அந்த மாதம் ரீமாக் ஆற்றில் சேறு மிகுந்து, நகரம் முழுக்கக் குடிநீர் நின்றுபோனது. காரணம் கரையோரத்தில் கடல் சூடானது. நான் வகுப்பில் சொல்லும் அதே எல் நினோவின் உறவுக்காரன். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாகி நெத்திலி இல்லாமல் போவதைப் பார்த்து வடபெரு மீனவர்கள் குழந்தை இயேசுவின் பெயரை வைத்தார்கள் என்று சொல்லிப் பிள்ளைகளைக் குறித்துக்கொள்ளச் சொல்வேன். 1904-இல் இந்திய வானிலைத் துறைத் தலைவரான கில்பர்ட் வாக்கர் நம் பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடப்போய்த்தான் பசிபிக்கின் அந்தக் காற்றழுத்த ஊஞ்சலைக் கண்டார் என்றும் சொல்வேன். எல் நினோ ஆண்டில் நம் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடும். 2015 பெரிய எல் நினோ ஆண்டு.

அந்தக் கடல் சூடானதும் எங்கள் ஏழாவது படியும் ஒரே நூல். மழை இல்லாத ஊர் என்று பூமியின் அந்தப் பக்கம் போய் நான் தேடிப் பிடித்தது, எங்கள் மழை எங்கே முடிச்சு விழுகிறதோ அந்தக் கரையை.

இந்த வருடம் எல் நினோ இல்லை. ஜூனுக்குள் முடிந்துவிட்டது. மூன்று தளங்களில் சரிபார்த்தேன். ராத்திரி எழுந்து மறுபடி சரிபார்த்தேன்.

அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 11

அம்மா பார்த்துவிட்டாள். என் போனை எடுத்து மணி பார்க்கப்போனவள், நிறுத்திவைத்த இடத்திலிருந்து ஓடவிட்டிருக்கிறாள். நான் குளித்துவிட்டு வரும்வரை பார்த்திருக்கிறாள்.

"இந்தப் பொண்ணு எந்த ஊரு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவளுக்குப் பசங்க இருக்கா?" என்றாள். இருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப சரி. போவோம்."

நவம்பர் 14

எச்.எம். மேசையில் தடையின்மைச் சான்று விண்ணப்பம் இன்னும் கிடக்கிறது. பயணச்சீட்டு நகல் வைக்கச் சொல்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் சீட்டு எடுக்க முடியாது, சீட்டு இல்லாமல் சான்று கிடையாது.

நவம்பர் 17

அறை தேர்வு. கடலை ஒட்டி வேண்டாம் என்றாள் அம்மா. டிசம்பர் 26 அங்கேதான் இருப்போம், அவளுக்குத் தேதி மறக்காது. லிமாவுக்கும் மறக்காத தேதி உண்டு. 1746 அக்டோபர் 28, நிலநடுக்கம், அதன் பிறகு கடல் எழுந்து கயாவோ துறைமுகம் முழுதாகப் போயிற்று. அதைச் சொல்லவில்லை. மிராஃப்ளோரெஸ் செங்குத்து மண்மேட்டின் உச்சியில் இருக்கிறது, கடல் பல மாடி ஆழத்தில் கீழே கிடக்கும் என்று படம் காட்டினேன். "படி எத்தனை?" என்று கேட்டாள். எண்ண முடியாத அளவு என்றேன். அறை மட்டும் மூன்றாம் மாடியில். லிஃப்ட் இருக்கிறது.

உருளைக்கிழங்குக்கு அங்கே பாப்பா என்று பெயர் என்றதும் சிரித்தாள். "பாப்பாவைப் பொரிச்சுத் தின்பாங்களா?" ரொம்ப நாள் கழித்து அந்தச் சிரிப்பு. சோறு எல்லா வேளையும் கிடைக்கும், மஞ்சள் மிளகாய் அரைத்த குழம்பு உண்டு, சீனர்கள் கொண்டுவந்த சீஃபா கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. செவிச்சே மட்டும் ஒத்துவரவில்லை. எலுமிச்சைச் சாற்றிலேயே மீன் வெந்துவிடும் என்று எவ்வளவோ சொன்னேன். "அடுப்பு இல்லாத ஊரா அது?"

நவம்பர் 21

எக்கோ எடுத்தாயிற்று. நீர் மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறார். பத்து நாள் பார்த்துவிட்டுத்தான் பயணம் பற்றிச் சொல்வாராம். இவ்வளவு தூரம் எதற்கு, கொடைக்கானல் போகலாமே என்றார். நல்லவர்தான். அவருக்கு எப்படிச் சொல்வது.

நவம்பர் 22

கட்டணம் 18 ஆயிரம் ஏறிவிட்டது. ஒருவருக்கு.

நவம்பர் 27

மழை. பள்ளி இல்லை. அம்மா எடை இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. வீக்கம் வற்றுகிறது. மாத்திரை வேலை செய்கிறது.

நவம்பர் 29

டாக்டர் போனில் சரி என்றார். அழுத்தக் காலுறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், உப்பு குறைவாக. தம்பி சீட்டைப் பிடித்துவைத்திருக்கிறான். நாளை நள்ளிரவுக்குள் பணம் கட்ட வேண்டும்.

புயலுக்கு ஃபெஞ்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நவம்பர் 30, சனி

விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். காலையிலிருந்து கரண்ட் இல்லை. தெருவில் முழங்காலுக்குக் கீழே. பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டாரை மேலே ஏற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பணம் கட்டும் பக்கம் பாதியில் நிற்கிறது. ஓ.டி.பி. வரவில்லை. மூன்று முறை முயன்றேன்.

எட்டு மணிக்கு அம்மா படியில் வந்து உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். டார்ச் அவள் கையில். வாசலை அடிக்கவில்லை, மடியில் வைத்திருந்தாள்.

"அங்க இப்ப மணி என்ன?"

"காலை ஒன்பதரை."

"வெயிலா?"

சிக்னல் ஒரு கோடு. மிராஃப்ளோரெஸ் மேட்டில் யாரோ வைத்திருக்கும் நேரலைக் கேமரா தயங்கித் தயங்கி வந்தது. வெயில் இல்லை. வெள்ளையாக மேகம். நடைபாதையில் ஒருவர் நாயோடு போகிறார், சட்டென்று உறைந்து நின்று, மறுபடி நடக்கிறார். அம்மா போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். படத்தில் தரையை விரலால் தொட்டாள்.

"காஞ்சு கெடக்கு."

தம்பி அழைக்கிறான். எடுத்தால் படம் போய்விடும். சார்ஜ் 14 சதவீதம்.