படிவம் டி-யின் மேலே இருக்கும் இரண்டு வாக்கியங்கள்

டெக்சாஸில் ஒரு சின்ன சட்ட அலுவலகத்தில், பணம் திரட்டும் கம்பெனிகளுக்குப் படிவங்கள் தயார் செய்வதுதான் ஏழு வருடமாக என் வேலை. டாலஸ் பக்கம் நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் பேச்சு அபார்ட்மென்ட் முதலீட்டுக்குப் போய்விடும். ஆளுக்கு 50,000 டாலர் போட்டுப் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு குடியிருப்பை வாங்குவார்கள், நடத்துவது வேறொருவர். இடம்தானே வாங்குகிறோம், இதில் பங்குச் சட்டம் எங்கே வந்தது என்பார்கள். 1946-லேயே ஃப்ளோரிடா ஆரஞ்சுத் தோட்ட வழக்கில், ஹோவி வழக்கு என்பார்கள், உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது: அடுத்தவர் உழைப்பில் லாபம் வரும் என்று நம்பிப் பணம் போட்டால், கையில் இருப்பது தோட்டமானாலும் அது செக்யூரிட்டிதான், அதாவது பங்கு போலவே அந்தச் சட்டத்துக்குள் வரும் முதலீடு.

போன வருடம் தெரிந்த தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணம், 2022-ல் வட்டி ஏறத் தொடங்கிய பிறகு குறைந்து குறைந்து நின்றே போயிருந்தது. "அக்கா, எஸ்.இ.சி.யில பதிவு பண்ணினதுதானே, அவங்க பார்த்துத்தானே விட்டிருப்பாங்க?" என்றார். எஸ்.இ.சி. என்பது பங்கு விற்பனையைக் கண்காணிக்கும் ஃபெடரல் ஆணையம். அவர் பதிவு என்று நினைத்தது படிவம் டி. முதல் விற்பனை நடந்து 15 நாளுக்குள் போட வேண்டிய அறிவிப்பு, அவ்வளவுதான். பதிவு செய்யாமல் இன்ன விலக்கின் கீழ் விற்கிறோம் என்று சொல்வதே அந்தத் தாள்.

சரி, மாநிலம் பார்க்காதா? ஒரு காலத்தில் பார்த்தது. கன்சாஸ் மாநிலம் 1911-ல் போட்ட பங்கு விற்பனைச் சட்டம் ஃபெடரல் சட்டத்துக்கு 22 வருடம் மூத்தது, திட்டம் நியாயமானதா என்று அதிகாரி பார்த்த பிறகுதான் விற்கலாம். 1933-ல் வந்த ஃபெடரல் சட்டமோ, உண்மையை முழுக்கச் சொல்லிவிட்டு விற்றுக்கொள் என்றது. 1980-ல் ஆப்பிள் பங்கு முதலில் வெளிவந்தபோது மாசசூசெட்ஸ் ஆபத்து அதிகம் என்று தன் மக்களுக்கு விற்க விடவில்லை. அதை இன்றும் கேலியாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை, தடுத்துக் கேட்க ஓர் ஆள் இருந்தார். 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், பதிவு செய்யாமல் விற்க விலக்குத் தரும் விதி 506-இன் கீழ் நடக்கும் விற்பனைகளில் அந்த அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து எடுத்துவிட்டது. இப்போது மாநிலம் அறிவிப்பையும் கட்டணத்தையும் வாங்கிக்கொள்ளும், மோசடி என்றால் நடவடிக்கை எடுக்கும். தம்பியின் விஷயத்தில் மோசடி எதுவும் எனக்குத் தெரியவில்லை. மாறும் வட்டிக்குக் கடன் வாங்கிய திட்டம், அதுவும் ஆவணத்தில் எழுதியே இருந்தது.

எஸ்.இ.சி.க்குப் போடும் ஆவணங்களை யாரும் பார்க்கக்கூடிய எட்கர் தளத்தில் அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டினேன். மேலேயே இருக்கிறது: இதிலுள்ள தகவலை ஆணையம் பரிசீலித்திருக்கும் என்று சொல்ல முடியாது, சரியானது, முழுமையானது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அடுத்ததாகப் பணம் போட நினைத்திருந்த இன்னொரு திட்டத்தின் பெயரை அவரே தட்டித் தேடினார். அதற்கும் படிவம் டி-தான் வந்தது.