கூரையில்லாத மண்டபத்தில் ஜெபமாலை

ஆர்மீனியாவின் செவான் மடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏரியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் அத்தனை நீலத்தைக் கண்டால் கண் வேறு பக்கம் போகாது.

செங்குத்தான படிகள். மூச்சு வாங்க நின்றபோது பரங்கிமலை நினைவுக்கு வந்தது; அங்கே படிக்கட்டு அமைத்துக் கொடுத்த கோஜா பெத்ரூஸ் உஸ்கான் ஆர்மீனிய வணிகர்தானே!

மேலே கரிய கல்லில் இரண்டு சிறு கோவில்கள்: அப்போஸ்தலர்களுக்கு ஒன்று, மாதாவுக்கு ஒன்று. 874இல் கட்டுவித்தவர் மரியாம். பின்னாளில் அரசரான முதலாம் அஷோத்தின் மகள், கணவரை இழந்தவர். அப்போது இது தீவு. துறவிகளுக்கு இறைச்சி கிடையாது, மது கிடையாது, பெண்கள் வரக் கூடாது. ஒரு பெண் எழுப்பிய மடத்தில் இப்படியொரு விதி! சோவியத் காலத்தில் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீரை எடுத்ததில் ஏரி ஏறக்குறைய 20 மீட்டர் இறங்கி, தீவு கரையோடு சேர்ந்துவிட்டது. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் நடந்தே போகிறோம்.

கோவிலுக்குள் மெல்லிய மெழுகுவர்த்திகளை மணல் தட்டில் நட்டுவிட்டு, பீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியேறுகிறார்கள். நானும் அப்படியே வந்தேன்.

ஆனால் மனம் ஒன்றியது வெளியே, இடிந்த முன்மண்டபத்தில்தான். ‘கவித்’ என்கிறார்கள். கூரையைத் தாங்கிய மரத்தூண்களின் சித்திர வேலைப் போதிகைகள் எரெவான் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. இங்கே மிச்சம், சரிந்த சுவரும் புல்லும். செல்ஃபிக்காரர்கள் இதற்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்து நிற்க, ஒரு கல்லில் உட்கார்ந்து ஜெபமாலையை முழுதாகச் சொல்லி முடித்தேன்.

இங்குள்ள சிலுவைக்கல் ஒன்றை அவசியம் தேடிப் பாருங்கள். 1653இல் திர்தாத் என்ற சிற்பி செதுக்கியது. சிலுவையில் தொங்கும் இயேசுவுக்கு இரண்டு பக்கமும் நீண்ட பின்னல்! மங்கோலியர் உடைக்காமல் இருக்க அவர்கள் சாயலில் செய்ததாக வழிகாட்டிகள் சொல்கிறார்கள். 1653இல் அங்கே ஏது மங்கோலியப் படை? எனக்கு அந்தக் கதை ஒட்டவில்லை. பின்னலோடும் அவர் என் ஆண்டவர்தான்; கும்பிட்டுக்கொண்டேன்.

கோடையிலும் மேலே காற்று சில்லென்று அடிக்கும். சால்வை எடுத்துப் போங்கள், ஜெபத்தில் தலைக்கும் போட்டுக்கொள்ளலாம்.