ஒரு கோப்பு, இரண்டு எழுத்துருக்கள்

நாகர்கோவிலில் நாங்கள் நால்வர் பராமரித்துவரும் பிடிஎஃப் உருவாக்கும் நிரல் நூலகத்தில், எழுத்துருவை ஏற்றும் செயற்கூறு கோப்பின் பாதையை மட்டுமே கேட்கும். ஒரு கோப்புக்குள் ஓர் எழுத்துருதான் இருக்கும் என்பது எழுதப்படாத விதியாக அதில் உறைந்திருந்தது. மார்த்தாண்டத்தில் கல்யாண அழைப்பிதழ் அச்சிடும் ஒருவர், மேக் கணினியில் உள்ள ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவைக் கேட்கும்வரை அவ்விதி யாரையும் உறுத்தவில்லை. அது சாதாரண வடிவும் தடித்த வடிவும் சேர்ந்த டிடிசி, அதாவது பல எழுத்துருக்களை ஒன்றாக அடைத்த தொகுப்புக் கோப்பு.

அக்கோப்பின் உள்ளமைப்பு எளிதுதான். எழுத்துருவின் தரவுகள் அட்டவணைகளாகப் பிரிந்திருக்கும்; எந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்பதை ஒரு பட்டியல் சொல்லும். கோப்பின் தொடக்கத்தில், அடையாளச் சொல், பதிப்பு எண், எழுத்துருக்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்குத் தலா 4 பைட். அதன்பின் ஒவ்வோர் எழுத்துருவின் அட்டவணைப் பட்டியலும் தொடங்கும் இடத்தைச் சொல்ல 4 பைட். அரை நாள் வேலை என்று எண்ணி உட்கார்ந்த எனக்கு மூன்று நாள் பிடித்தது. பட்டியலில் உள்ள அட்டவணைகளின் இடங்கள் கோப்பின் தொடக்கத்திலிருந்தே எண்ணப்படுகின்றன. நானோ எழுத்துருவின் தொடக்க இடத்தையும் அவற்றோடு கூட்டி, பக்கம் முழுக்க வெற்றுக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணுவதால்தான் இரண்டு எழுத்துருக்கள் ஒரே அட்டவணையைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது என்பது பிறகே உறைத்தது.

பிடிஎஃப்புக்குள் தொகுப்பை அப்படியே பதிக்க முடியாது என்பதால், வேண்டிய எழுத்துருவின் அட்டவணைகளை மட்டும் பிரித்தெடுத்து, தரவு சிதையவில்லை என்பதைச் சோதிக்க உதவும் சரிபார்ப்புத் தொகையைப் புதிதாகக் கணக்கிட்டோம்.

சோதனைகள் எல்லாம் தேறிய பின்னும் அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. “மக்கா, மாப்பிள்ளை பேரும் சாதாரணமாத்தான் வருது, தடிமனே இல்ல.” ஏற்றிய எழுத்துருக்களை நினைவகத்தில் வைத்திருக்கும் பகுதி, கோப்பின் பாதையையே சாவியாகக் கொண்டிருந்தது. தடித்த வடிவத்தைக் கேட்டாலும், முதலில் ஏற்றிய சாதாரண வடிவத்தையே அது எடுத்து நீட்டியிருக்கிறது. பழைய விதி நான் தேடாத இடத்தில் ஒளிந்திருந்தது.

வரிசை எண்ணால் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார் உடன் பணிபுரிபவர். இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது தொகுப்பின் வரிசை மாறாது என்பதற்கு உறுதி இல்லையே என்று நான் மறுத்து, எழுத்துருவின் உட்பெயரைக் கேட்கும்படி அமைத்தேன். பெயர் தராவிட்டால் முதல் எழுத்துருவைச் சத்தமில்லாமல் எடுப்பதா என்பதில்தான் எங்களுக்குள் நெடுநேரம் வாக்குவாதம். இப்போது பெயர் தராதபோது தொகுப்பில் ஒன்றுக்கு மேல் இருந்தால், நூலகம் உள்ளிருக்கும் பெயர்களைப் பட்டியலிட்டுப் பிழை காட்டி நின்றுவிடும். ஓர் எழுத்துரு மட்டுமே உள்ள தனி டிடிஎஃப் கோப்பைத் தருபவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.