ஏழு பாயிண்ட் எழுத்தில் ஒரு சீசன்

2022 நவம்பர் 21. மாலை நாலு மணி ஷிஃப்டுக்கு நான் உள்ளே நுழைந்தபோது பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் தமிழ்நாட்டுக்கும் அருணாசலப் பிரதேசத்துக்கும் நடந்த ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம் முடிந்தே போயிருந்தது. பிடிஐ செய்தி ஏஜென்சி அனுப்பிய ஸ்கோர் திரையில் காத்திருந்தது. தமிழ்நாடு 50 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 506. 306 என்பதைத்தான் யாரோ மாற்றி அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஏஜென்சி ஸ்கோரில் எண் பிசகுவது சகஜம். அதனால் எந்த ஸ்கோர் வந்தாலும், பேட்ஸ்மேன்களின் ரன்னையும் உதிரிகளையும் கையால் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்துக்கு அனுப்புவேன். கூட்டினேன். ஜெகதீசன் 277, சாய் சுதர்சன் 154. அதற்குக் கீழே பாபா அபராஜித் 31 நாட் அவுட். அதற்கும் கீழே பாபா இந்திரஜித் 31 நாட் அவுட். ஒரே வரியை இரண்டு தடவை ஒட்டிவிட்டார்களோ என்று மறுபடியும் சந்தேகம். அவர்கள் இரட்டைச் சகோதரர்கள், இருவருமே 31-இல் நின்றிருந்தார்கள். கூட்டல் சரியாக வந்தது. 506 தான்.

ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். நேரில் போய் ஆட்டம் பார்த்து எழுதுகிற வேலை இல்லை. வருவதைத் தமிழாக்கி, வெட்டி, பக்கத்தில் உட்கார வைப்பதுதான் என் வேலை. உள்நாட்டுப் போட்டிகளின் ஸ்கோர் பல வருடங்களாக என் பொறுப்பு. அது ஏழு பாயிண்ட் எழுத்தில், பக்கத்தின் அடியில் வரும். கண்ணாடி போடாமல் பலரால் படிக்க முடியாது.

இந்த ஆட்டம் விஜய் ஹசாரே கோப்பையில் நடந்தது, உள்நாட்டு அணிகள் மோதும் 50 ஓவர் போட்டி அது. அந்த வருடம் நவம்பர் 12-இல் தொடங்கியது. 38 அணிகள், ஐந்து பிரிவுகள். ஒரு சுற்றுக்கு 18 ஆட்டங்கள். வடகிழக்கு மாநில அணிகள் 2018-19 சீசனில் உள்ளே வந்தபோது அவர்களைப் பிளேட் பிரிவு என்கிற கீழ்நிலைப் பிரிவில் வைத்துத் தனியாக ஆட விட்டார்கள். 2022-இல் எல்லோரையும் கலந்துவிட்டார்கள். அதனால்தான் கேரளம், ஆந்திரம், ஹரியானாவோடு அருணாசலப் பிரதேசமும் நம் பிரிவில் இருந்தது. கலந்தது நல்லதா கெட்டதா என்று எங்கள் அறையில் தினமும் வாக்குவாதம் நடக்கும். கலக்க வேண்டும் என்பதுதான் அன்றும் இன்றும் என் கட்சி. பெரிய அணியோடு மோதாமல் எந்த அணியும் பெரிய அணியாகாது. 1952-இல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தைத் தோற்கடிக்கும்வரை இந்தியாவே ஒரு டெஸ்டில்கூட ஜெயித்தது கிடையாது. அன்றைக்குக் கேப்டன் விஜய் ஹசாரே. அவர் பெயரில் நடக்கிற போட்டியில் புதிய அணிக்கு இடம் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கும்?

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

அதற்கு முந்தைய எட்டு நாட்களாக ஜெகதீசன் பெயரை நான் அடித்துக்கொண்டே இருந்தேன். ஆந்திரத்துடன் 114 நாட் அவுட், சத்தீஸ்கருடன் 107, கோவாவுடன் 168, ஹரியானாவுடன் 128. நடுவில், அதே வாரத்தில், சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை விடுவித்த செய்தியும் வந்தது. கோயம்புத்தூர்ப் பையன். விடுவிக்கப்பட்டவர்கள் பட்டியலை அடித்த அதே கையால் சதங்களையும் அடித்தேன். லிஸ்ட் ஏ ஆட்டங்களில், அதாவது சர்வதேச, உள்நாட்டு ஒருநாள் ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்த கணக்கில், தொடர்ந்து நான்கு சதம் என்பது சங்கக்காரா, அல்விரோ பீட்டர்சன், தேவ்தத் படிக்கல் ஆகியோர் செய்தது. ஐந்தாவதை இதற்கு முன் யாரும் தொட்டதில்லை. இவர் ஐந்தாவதை 141 பந்தில் 277 ஆக்கிவிட்டார். 25 ஃபோர், 15 சிக்ஸர். 2002-இல் இங்கிலாந்தின் சர்ரே அணிக்காக அலி பிரவுன் எடுத்த 268தான் ஒரே ஆள் எடுத்த அதிகபட்ச ரன், இருபது வருடம் நின்ற சாதனை, அது போனது. 2014-இல் ரோஹித் சர்மா எடுத்த 264-ம் கீழே இறங்கியது. முதல் விக்கெட்டுக்கு 416. அணி ஸ்கோரில், அதே ஆண்டு ஜூனில் நெதர்லாந்துடன் இங்கிலாந்து எடுத்த 498 பின்னால் போனது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் இடத்துக்கு அல்லாடினேன். கத்தாரில் உலகக் கோப்பை கால்பந்து முந்தைய நாள்தான் தொடங்கியிருந்தது. அன்று சாயங்காலம் இங்கிலாந்துக்கும் ஈரானுக்கும் ஆட்டம், எட்டு கோல் விழுந்த ஆட்டம். நியூசிலாந்தில் இந்தியாவின் டி20 தொடர் வேறு. சூர்யகுமார் சதம் அடித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது, மறுநாள் மூன்றாவது ஆட்டம். படம் பெரிதாக வேண்டும், சாதனைப் பெட்டி வேண்டும். பக்கம் போடும் நண்பர் எட்டு சென்டிமீட்டர் குறைத்தால்தான் உட்காரும் என்றார். நான் யோசிக்கவே இல்லை. அருணாசல் இன்னிங்ஸை ஒரே வரியாக்கினேன். 28.4 ஓவரில் 71 ஆல் அவுட், சித்தார்த் 12 ரன்னுக்கு 5 விக்கெட், தமிழ்நாடு 435 ரன்னில் வெற்றி. அவர்கள் பந்துவீச்சுப் பட்டியலை அடியோடு எடுத்தேன். எட்டு சென்டிமீட்டர் கிடைத்துவிட்டது.

பிரதியெடுத்த பக்கத்தைப் பிழை திருத்தத் தலைமை உதவி ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் ஒரு காலத்தில் சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் மித வேகம் வீசியவர். பேனாவை 277 மேல் வைத்தபடி கேட்டார்:

“யார் போட்ட பந்துல, தம்பி?”

“அருணாசல் சார்.”

“அது மாநிலம். பந்து போட்டது யாரு?”

எனக்குப் பெயர் தெரியவில்லை. ஒருமுறை அடித்திருந்தால் தெரிந்திருக்கும், நான் அடிக்காமலே வெட்டியிருந்தேன். அவர் கோபப்படவில்லை. “ஒருத்தன் பத்து ஓவர் முழுசாப் போட்டு 114 குடுத்திருக்கான். ஓடிப் போகாம அறுபது பந்தும் போட்டிருக்கான்ல?” என்றார். அவ்வளவுதான் சொன்னார். சாதனைப் பெட்டியில் இருந்த இரண்டு வரியைத் தூக்கிவிட்டு, பந்துவீச்சை உள்ளே விடச் சொன்னார். முதல் பதிப்பு அதற்குள் போய்விட்டது. நகரப் பதிப்பில்தான் சேர்க்க முடிந்தது. முதல் பதிப்பு போகும் ஊர்களில் அந்தப் பெயர்கள் வரவே இல்லை. இன்று நினைத்தாலும் எனக்கு உறுத்துகிறது.

சேர்க்க உட்கார்ந்தபோதுதான் அடுத்த சிக்கல். அந்தப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது? அருணாசலில் நிஷி மக்கள் குலப்பெயரை முன்னால் வைப்பார்கள். முன்னாள் முதல்வர் நபம் துக்கியின் பெயரில் நபம் என்பது குலம், துக்கி என்பதே அவர் பெயர். டெச்சி, தானா என்றெல்லாம் தொடங்குவதும் அப்படித்தான். இது தெரியாமல் முதல் சொல்லை மட்டும் வைத்துப் பின்னதை வெட்டினால் ஆளின் பெயர் போய்க் குலம் மட்டும் நிற்கும். இரண்டு பேரின் ரன் ஒரே பெயரில் விழுந்துவிடும். நம் ஆட்களுக்கும் வெளியூர்ப் பத்திரிகைகளில் இது நடக்கிறது. இனிஷியலை விரித்து, அப்பா பெயரால் மகனைக் கூப்பிடுவார்கள். அதற்கு எரிச்சல்படுகிற நான், இங்கே உட்கார்ந்து அதையே செய்யப் பார்த்தேன். அப்புறம் அந்த மாநிலத்திலிருந்து சென்னையில் படிக்க வந்திருந்த ஒருவரை நண்பர் மூலம் பிடித்து, பதினோரு பெயரையும் போனில் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். ங-வில் முடிகிறதா, ங்-கில் முடிகிறதா என்று ஒரு பெயரை மட்டும் மூன்று தடவை கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மூன்று தடவையும் சொன்னார். அந்தத் தாள் இப்போதும் என் டிராயரில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த சீசன் வேகமாக ஓடியது. நவம்பர் 28, காலிறுதி நாள். தமிழ்நாடு சௌராஷ்டிரத்திடம் தோற்று வெளியேறியது. ஐந்து சதத்துக்கும் 506-க்கும் பிறகு கோப்பை இல்லை. முந்தைய வருடம் இறுதியில் இமாச்சலிடம் தோற்ற வலி ஆறுவதற்குள் இதுவும். ஐந்து முறை கோப்பை வாங்கிய அணிதான், ஆனால் கடைசியாக வாங்கியது 2016-17-இல். அன்று இரவு அந்த ஸ்கோரை அடிக்கக் கை வரவில்லை. ஆனால் அதே நாளில்தான் அகமதாபாத்தில் மகாராஷ்டிர அணியின் ருதுராஜ் கெய்க்வாட் ஒரே ஓவரில் ஏழு சிக்ஸர் அடித்தார், ஒரு நோ பாலையும் சேர்த்து. ஓவருக்கு 43 ரன். உத்தரப் பிரதேசத்துக்கு எதிராக 220 நாட் அவுட். செய்தியின் முதல் பத்தியிலேயே, பந்து வீசியவர் சிவா சிங், இடக்கை சுழல் என்று எழுதினேன். அந்த ஓவருக்குப் பிறகும் அவர் களத்தில்தான் நின்றார்.

டிசம்பர் 2-இல் இறுதி ஆட்டம். ருதுராஜ் மறுபடி சதம். ஆனாலும் ஷெல்டன் ஜாக்சனின் 133 நாட் அவுட்டால் கோப்பை சௌராஷ்டிரத்துக்கு. கால்பந்து நடந்துகொண்டிருந்ததால் அந்தச் செய்திக்கு ஒன்றரைப் பத்திதான் கிடைத்தது.

மூன்று வருடம் கழித்து, 2025 டிசம்பர் 24. விஜய் ஹசாரேயின் முதல் நாள். பிளேட் பிரிவு திரும்ப வந்திருந்தது. கோலி டெல்லிக்கும் ரோஹித் மும்பைக்கும் ஆடி இருவரும் சதம் அடித்த நாள், பக்கத்தில் ஊசி நுழைய இடமில்லை. ராஞ்சியிலிருந்து ஒரு ஸ்கோர் வந்தது. பீகார் 6 விக்கெட்டுக்கு 574. வைபவ் சூர்யவன்ஷி 84 பந்தில் 190. நம் 506 போய்விட்டது. எதிரணி எது என்று பார்த்தேன். அருணாசலப் பிரதேசம்.

டிராயரைத் திறந்து பழைய தாளை எடுத்தேன். பட்டியலில் புதிய பெயர்கள் இருந்தன. 2022-இல் போனில் பேசிய அந்த நண்பர் இப்போது இட்டாநகரில் வேலையில் இருக்கிறார். பேட்டிங்கைத் தொடுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டேன்.

“சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”