பட்டியலில் இருந்த கிரேயும் பார்சலில் வந்த கிரேயும்

மருத்துவ பீடத்துக்கான பதிவு சிக்கலில்லாமல் முடிந்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் விபரங்களை நிரப்பினேன், மூலப் பிரதிகளைக் கொண்டுபோய்க் காட்டினேன், அவ்வளவுதான். என்னை அலைக்கழித்தது புத்தகம். உயர்தரப் பெறுபேறு வந்ததற்கும் முதல் விரிவுரைக்கும் இடையில் கிடந்த அந்த நீண்ட மாதங்களில் "புத்தகம் வாங்கிவிட்டாயா மகள்?" என்று கேட்காத உறவினர் களுவாஞ்சிக்குடியில் இல்லை. கனடாவில் இருக்கும் மாமா மட்டும் கேட்கவில்லை. நேரே காசை அனுப்பிவிட்டார்.

காசு வந்த பிறகு வாங்காமல் இருக்க வீட்டில் விடுவார்களா? அப்பா கொழும்பில் உள்ள ஒரு புத்தகக்கடையுடன் பேசினார். உடனே வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. தலைப்பு "மருத்துவ பீட மாணவர்களுக்கு அவசியமானவை". மருந்தியல், மகப்பேறு, சத்திரசிகிச்சை என்று இறுதி வருடம் வரை அதில் இருந்தது. அந்தப் பட்டியலை எந்தப் பீடமும் கொடுக்கவில்லை. கடையின் இராக்கையில் விற்காமல் இருந்தவற்றின் பட்டியல் அது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஐந்து வருடப் படிப்பில் நான்காம் வருடத்துக்கான புத்தகத்தை இப்போதே வாங்கினால், அதைத் திறக்கிற காலத்தில் அடுத்த பதிப்பு வந்திருக்கும். சிகிச்சை வழிகாட்டல்களும் மாறியிருக்கும். மருந்தியல் புத்தகத்தில் இது சின்ன விடயம் அல்ல. உடற்கூற்றியலில் அந்தப் பயம் குறைவு. தொடை எலும்பு புதிய பதிப்புக்காக இடம் மாறப் போவதில்லை.

ஆகவே ஒன்றே ஒன்று போதும் என்று அப்பாவிடம் சொன்னேன்: மாணவர்களுக்கான 'கிரேஸ் அனட்டமி' என்ற உடற்கூற்றியல் நூல். அட்டைப் படத்தையும் கடைக்காரருக்கு அனுப்பினேன். "சரி தங்கச்சி, இருக்கிறது" என்று பதில் வந்தது. அப்பா காசை வங்கியில் போட்டார். இரவு பஸ்ஸில் ஏற்றிய பார்சல் விடியற்காலையில் சந்தியில் இறங்கியது. தூக்கும்போதே ஐயம் வந்தது, அத்தனை பாரம்.

அந்தப் பெயரில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று 1858இல் முதலில் வெளிவந்து, இன்றுவரை புதுப்பிக்கப்பட்டுவரும் பெரிய நூல். ஆயிரத்தைந்நூறு பக்கங்களையும் தாண்டும். சத்திரசிகிச்சை நிபுணர்கள் எடுத்துப் பார்ப்பது. மற்றது 2005இல் மாணவர்களுக்கென்றே வேறு ஆசிரியர்கள் எழுதிய நூல். எனக்கு வந்தது முதலாவது. விலையும் அதற்குரிய விலை. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போன பிறகு, இறக்குமதிப் புத்தகத்தில் அந்த வித்தியாசம் சும்மா விடக்கூடிய தொகை அல்ல.

தொலைபேசியில் கடைக்காரர், "இரண்டும் ஒன்றுதான் தங்கச்சி, இதில் கூடுதலாக இருக்கிறது" என்றார். கூடுதலாக இருப்பதுதானே பிரச்சினை! மாற்றித் தர வேண்டும் என்று நான் விடாமல் நின்றதும், நேரில் கொண்டுவரச் சொன்னார். எந்த நாளும் திறந்திருக்குமாம். அப்பா இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து போய்ப் பார்த்தால், கதவில் "இருப்புக் கணக்கெடுப்பு, கடை பூட்டு" என்று ஒரு தாள். வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி மறுநாள் போனார். இப்போது கதை மாறியிருந்தது: பொலித்தீன் உறை கிழிந்திருக்கிறது, ஆகவே எடுக்க முடியாது. பற்றுச்சீட்டில் வெறுமனே "கிரேஸ் 1" என்று எழுதியிருந்தது. அதைக் காட்டி, "நீங்கள் கேட்டதைத்தானே தந்தோம் ஐயா" என்றார்களாம்.

உறையைக் கிழிக்காமல் உள்ளே இருப்பது என்னவென்று யாரால் பார்க்க முடியும்?

நான் அனுப்பிய அட்டைப் படமும் அவர்களின் "இருக்கிறது" என்ற பதிலும் தொலைபேசியில் அப்படியே இருந்தன. அதை அப்பாவுக்கு அனுப்பினேன். கூடவே, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடப் போவதாகச் சொல்லச் சொன்னேன். அப்பா சண்டைக்குப் போகாதவர்; மெதுவாகத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் உள்ளேயிருந்து முதலாளி வெளியே வந்தார். காசைத் திருப்பித் தர மாட்டோம், அதே பெறுமதிக்கு வேறு எடுங்கள் என்றார். மாணவர் பதிப்பும், மிச்சத்துக்கு வர்ணப் படங்கள் நிறைந்த உடற்கூற்றியல் அட்லஸ் ஒன்றும் வீட்டுக்கு வந்தன. மாமாவிடம் நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த பட்டியலுக்கும் காசு அனுப்புவார்.

கடையில் வாங்குபவர்கள் பற்றுச்சீட்டில் நூலின் முழுப் பெயரையும் பதிப்பு இலக்கத்தையும் எழுதுவிக்க வேண்டும். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். தெற்காசியாவில் மட்டும் விற்பதற்கென்று அச்சிடப்படும் மலிவுப் பதிப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்காதவரை அதை வெளியே எடுக்க மாட்டார்கள்.

விரிவுரை தொடங்கிய பிறகு பார்த்தால், உடற்றொழிலியலுக்கும் உயிர் இரசாயனவியலுக்கும் என்னிடம் எதுவுமில்லாதது ஒரு குறையாகவே இல்லை. நூலகத்தில் எடுக்கலாம், மேல் வகுப்பு அண்ணாமார், அக்காமார் பாதி விலைக்குத் தருகிறார்கள், விரிவுரையாளர் எதிலிருந்து எடுக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. போட்டோ கொப்பி எடுக்கும் வழக்கமும் உண்டு. எழுத்துக்கு அது போதும், படத்துக்கு ஆகாது. நாடி சிவப்பு, நாளம் நீலம், நரம்பு மஞ்சள் என்று அட்லஸில் பிரித்துக் காட்டியிருப்பது கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பல் கயிறாகிவிடும். இழையங்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் இழையவியலில் இன்னும் மோசம். சாயமூட்டிய கலத்தில் கருவின் ஊதாவும், அதைச் சுற்றியுள்ள குழியவுருவின் இளஞ்சிவப்பும் போய்விட்டால் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்? முன்கூட்டியே வாங்கியதில் எனக்கு உண்மையாக உதவியது, நான் கேட்காமலே வந்து சேர்ந்த அந்த அட்லஸ்தான்.

காத்திருக்கும் மாதங்களில் கைச்செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தமிழ் மொழிமூலத்தில் படித்தவர்கள், உயர்தரத்தில் நன்றாகத் தெரிந்த சிறுநீரகத்தையோ இதயத்தையோ ஆங்கில நூலில் ஒரு அத்தியாயம் இரவல் வாங்கி வாசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பாடமே பக்கத்துக்குப் பக்கம் இழுத்தடித்தது. முதல் மாதத்தில் என் வகுப்பில் பலர் திணறியது இந்த வாசிப்பு வேகத்தில்தான்.

எந்தப் பட்டியலிலும் இல்லாதது எலும்பு. உண்மையான எலும்புத் தொகுதி புத்தகக்கடையில் கிடைக்காது. மேல் வகுப்பிலிருந்து கைமாறித்தான் வரும். பிளாஸ்டிக் எலும்பில் தசை ஒட்டும் சொரசொரப்பு சரியாகத் தெரியாது, வாய்மொழிப் பரீட்சையில் விரல் வைத்துக் காட்டச் சொல்வது அந்த இடத்தைத்தான். தெரிவான செய்தி வந்த கிழமையே, தெரிந்த அக்காவோ அண்ணாவோ இருந்தால் எலும்பைக் கேட்டு வையுங்கள். எங்கள் வகுப்பில் கேட்டு வைத்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் முறை வைத்து எடுக்கிறோம், என் முறை வெள்ளிக்கிழமை இரவு.