சாயம் வெளுத்த வைவா

மூன்று மாதம் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த பிரிண்ட் பட்டைகளை மேசையில் பரப்பி, "இந்த மை வெயிலில் மஞ்சளடிக்கிறது" என்று பெருமையாக முடித்தேன். தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "மஞ்சளானது மையா, பேப்பரா?" என்னிடம் பதில் இல்லை. போட்டோகிராபி டிப்ளமோ புராஜெக்ட் வைவாவில் என் சாயம்தான் முதலில் வெளுத்தது. கருப்பு-வெள்ளை இங்க்ஜெட் பிரிண்டின் ஆயுளைப் பற்றி புராஜெக்ட் எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அன்று ராத்திரியே பட்டைகளை இருட்டறையில் யூவி டார்ச்சுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். மை படாத ஓரத்தில், டேப்புக்கு அடியில் மறைந்திருந்த இடம் மட்டும் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. வெயில் பட்ட இடம் மங்கிக் கிடந்தது. பேப்பரை வெள்ளைவெளேரென்று காட்ட ஆப்டிகல் பிரைட்னர் சேர்ப்பார்கள். அது புற ஊதாவை உறிஞ்சி நீல ஒளியாக வெளியிடும். நாளாக ஆக அது செயலிழக்கும்போது பேப்பரின் அசல் பழுப்பு தெரியவரும். மையின் மேல் பழி போட்டது நான்தான்.

மறுபடி தொடங்கினேன். இந்த முறை ஒவ்வொரு பட்டையிலும் 21 சாம்பல் படிகள், பக்கத்திலேயே மை படாத ஒரு கட்டம். பட்டையின் நீளவாக்கில் பாதியை அலுமினியத் தாளால் மூடினேன். இன்னொரு பிரதி உறைக்குள், டிராயரில். மூன்றாவது பிரதியை வெளிச்சம் படாமல், ஆனால் காற்று படும்படி வைத்தேன். பலர் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். டை மையை (சாயம் கரைந்த மை), சீக்கிரம் உலரும் நுண்துளைப் பூச்சுப் பேப்பரில் அடித்தால் காற்றிலுள்ள ஓசோனே அதை அரித்துவிடும், வெயிலே வேண்டாம்.

எதை அளப்பது? கருப்பு-வெள்ளைப் படம் வெளிறுவதை விட நிறம் மாறுவதுதான் முதலில் கண்ணை உறுத்தும். கலர் மைகளைக் கலந்து உண்டாக்கிய சாம்பலில் மஜென்டா முதலில் மங்கிப் போனால் முகம் பச்சை தட்டும். அதனால் கருமையின் அடர்த்தியோடு நிறுத்தாமல், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் (நிறத்தை அளக்கும் கருவி) நடு சாம்பலின் ஏ* (பச்சை-சிவப்புச் சாய்வு), பி* (நீல-மஞ்சள் சாய்வு) மதிப்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கருவி கிடைக்காவிட்டால், ஆட்டோ திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெயில் பட்டதையும் படாததையும் ஒரே ஸ்கேனில் எடுங்கள்.

டை மை தனித்தனி மூலக்கூறாகக் கரைந்திருப்பது. ஒளி ஒவ்வொன்றையும் நேராகத் தாக்கும். பிக்மென்ட் மை கரையாத துகள்களாக இருப்பது, துகளின் வெளிப்புறம் சிதைந்தாலும் உள்ளே இருப்பது தப்பிக்கும். அதிலும் கார்பன் கருப்பு அசைக்க முடியாத ஆள். ஆனால் அது இயல்பிலேயே கொஞ்சம் பழுப்புச் சாயல் கொண்டது. அதை நடுநிலைச் சாம்பலாக்க நீலமும் மஜென்டாவும் சேர்க்கிறார்கள். முதலில் கழன்றுகொள்வதும் அவைதான். நிலைத்து நிற்க வேண்டும் என்றால் வெதுவெதுப்பான டோனிலேயே விட்டுவிடுங்கள் என்பேன், ரசனை வேறாக இருந்தாலும். பேப்பரில் என் ஓட்டு பிரைட்னர் இல்லாத, அமிலமற்ற காட்டனுக்கு.

"இத்தனை ஆண்டு தாங்கும்" என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். மாட்டி வைத்த படத்தின் மேல் தினம் 12 மணி நேரம் 450 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விழுகிறது என்று கணக்கிட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 19.7 லட்சம் லக்ஸ்-மணி. 120 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால் 5.3 லட்சத்தைக்கூட எட்டாது. அதே பிரிண்டின் ஆயுள், கணக்கில் மட்டும், 3.75 மடங்கு கூடிவிடும்! மொத்த லக்ஸ்-மணியை எழுதுங்கள், ஆண்டுக்கணக்கு பிறகு. லக்ஸ் மீட்டர் இல்லையென்றால், துணிச் சாயத்தைச் சோதிக்கும், தெரிந்த வேகத்தில் வெளுக்கும் புளூ வூல் பட்டையைக் கூடவே ஒட்டி வையுங்கள்.

இரண்டாவது வைவாவில் அதே தேர்வாளர். அலுமினியத் தாளை அவரே உரித்து, மை படாத கட்டத்தைத்தான் முதலில் பார்த்தார். பிறகு ஓரத்தில் எழுதியிருந்ததைக் காட்டி, "பென்சிலிலா?" என்றார். முதல் முறை ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய தேதிகள் எல்லாம் வெயிலில் காணாமல் போயிருந்தன. "பென்சிலும் கார்பன்தானே, சார்" என்றேன்.